கடற்கரைக் கிறிஸ்தவ வீட்டுச் சுவருக்கு எந்தக் காலண்டர்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர், காரங்காடு என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்தக் கிறிஸ்தவ மீனவர் வீட்டுக்குள் நுழைந்தாலும் மூன்று வகைக் காலண்டர்களில் ஒன்றாவது இருக்கும். முதலாவது, ஐஸ் கடையோ வலைக் கடையோ மளிகைக் கடையோ வருடப் பிறப்புக்குக் கொடுத்த தினசரித் தாள் காலண்டர். இரண்டாவது, பங்குக் கோயிலிலோ சபையிலோ வாங்கிய மாதக் காலண்டர். மூன்றாவது சுவரில் இல்லை, கைபேசியில் இருக்கிறது. இந்த மூன்றையும் இரண்டு கேள்விகளை வைத்து எடை போடுகிறோம். நிலவையும் தண்ணீரையும் சரியாகச் சொல்கிறதா? நிலவை வணங்காதே என்ற வேதக் கட்டளையோடு ஒத்துப்போகிறதா? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைத்துச் செய்த காலண்டர்கள்தான் இங்கே அதிகம் சொதப்பியிருக்கின்றன.

முதலில் கட்டளை. இணைச்சட்டம் 4:19 (பழைய மொழிபெயர்ப்பில் உபாகமம்) கதிரவன், நிலா, விண்மீன்கள் என்று பெயர் சொல்லியே அவற்றைப் பணிந்து ஊழியம் செய்ய இழுபட்டுவிடாதே என்கிறது. காரணமும் அதே பகுதியில் இருக்கிறது: ஓரேபு மலையில் கடவுள் பேசியபோது மக்கள் குரலைக் கேட்டார்களே தவிர எந்த உருவத்தையும் காணவில்லை. எனவே மண்ணில் உள்ளதற்கும் உருவம் செய்யாதே, வானில் உள்ளதையும் தெய்வமாக்காதே. 17:2-6 இதை வழக்காகவே வைக்கிறது. நன்றாக விசாரிக்க வேண்டும், இரண்டு மூன்று சாட்சி வேண்டும், ஒரே சாட்சியின் பேச்சில் தண்டனை கூடாது.

இந்தக் கட்டளை வெறுமனே எழுந்ததல்ல. ஆபிரகாம் புறப்பட்டு வந்த ‘ஊர்’ என்ற பெயருடைய நகரும், இடையில் தங்கிய காரானும் மெசப்பொத்தாமியாவில் நிலாத் தெய்வ வழிபாட்டின் பெரிய மையங்கள். மனாசே அரசன் எருசலேம் ஆலயத்தின் இரண்டு முற்றங்களிலும் வான்படைகளுக்கு, அதாவது கதிரவன், நிலா, விண்மீன்களுக்கு, பலிபீடம் கட்டினான் (2 அரசர்கள் 21:5). யோசியா அவற்றை இடித்து, நிலாவுக்கும் கோள்களுக்கும் தூபம் காட்டிய குருக்களை நீக்கினான் (23:5). செப்பனியா 1:5 மொட்டைமாடியில் நின்று வான்படையை வணங்கியவர்களைச் சொல்கிறது. எசேக்கியேல் 8:16 ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே கதிரவனை வணங்கிய ஏறக்குறைய இருபத்தைந்து பேரைச் சொல்கிறது. யோபு 31:26-28 இன்னும் நுட்பமானது. ஒளிரும் நிலவைப் பார்த்து மனம் மறைவில் மயங்கி, கையை வாயில் வைத்து முத்தமிடுவதுகூடக் கடவுளை மறுதலிப்பதுதான் என்கிறார் யோபு.

ஆனால் அதே வேதம் நிலவைக் காலம் காட்டும் விளக்காகவும் வைக்கிறது. தொடக்கநூல் 1:14 வானத்துச் சுடர்களைக் காலங்களையும் நாட்களையும் ஆண்டுகளையும் குறிக்கப் படைத்ததாகச் சொல்கிறது. திருப்பாடல் 104:19-உம் அதையே பாடுகிறது. இஸ்ரயேலர் மாதத்தை அமாவாசை கழிந்த பிறையில் தொடங்கினார்கள். எண்ணிக்கை 28:11-15-இன்படி ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் இரண்டு காளை, ஒரு ஆட்டுக்கிடாய், ஏழு ஆண் செம்மறிக்குட்டி எரிபலி, ஒரு வெள்ளாட்டுக்கிடாய் பாவம் போக்கும் பலி. அத்தனையும் கடவுளுக்கு, நாளைக் குறித்துக் கொடுத்தது மட்டும் நிலா. பாஸ்கா முதல் மாதம் 14ஆம் நாள் மாலை, அதாவது முழுநிலவையொட்டி. நிலவை எண்ணாமல் ஒரு பாஸ்காகூடக் கொண்டாடியிருக்க முடியாது.

இதிலிருந்து காலண்டரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நிலா எங்கே இருக்கிறது, தண்ணீர் என்ன செய்யும் என்று அளந்து சொல்லும் கட்டம் வேண்டியது. நிலா உனக்கு நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று அதனிடம் கேட்கும் கட்டம் வேண்டாதது. எரேமியா 10:2 வானத்துக் குறிகளைக் கண்டு கலங்காதே என்பதும், எசாயா 47:13 மாதாமாதம் அமாவாசை தோறும் வருவதைச் சொல்வோரைப் பயனற்றவர்கள் என்பதும் இந்த இரண்டாவது வகைக்குத்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2116ஆம் எண்ணில் ஜாதகம், சோதிடம் இரண்டையும் விலக்கச் சொல்கிறது.

இனி தினசரித் தாள் காலண்டர். சிவகாசியில் அச்சாகி வரும் இந்தத் தாளில்தான் தகவல் மிக அதிகம். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், அடியில் ராசிபலன். கடலுக்குப் போகிறவருக்கு இதில் தங்கம் போன்றது திதிக் கட்டம் ஒன்றுதான். அதை எப்படிப் படிப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை.

திதி என்பது கதிரவனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணம். 12 பாகைக்கு ஒரு திதி, ஒரு சுற்றுக்கு முப்பது. நிலா ஒரே வேகத்தில் நகராததால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும். தாளில் கருப்பு வட்டம் போட்ட நாளை மட்டும் பார்த்து அமாவாசை என்று எடுத்துக்கொண்டால், வட்டம் ஒரு நாள் முன்னே பின்னே விழ வாய்ப்புண்டு. சடங்குக்கு எந்த நாள் பொருந்தும் என்று பார்த்துத்தான் அதைப் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது அமாவாசைத் திதி முடியும் நேரம். கதிரவனும் நிலவும் ஒரே திசையில் வரும் கணம் அதுவே. பௌர்ணமித் திதி முடியும் நேரம் முழுநிலவின் கணம். திருக்கணிதப்படி அச்சிட்ட தாளில் இந்த நேரம் வானியல் கணக்கோடு ஒத்துவரும். வாக்கியப் பஞ்சாங்கப்படி அச்சிட்டதில் சில மணி நேரம் விலகலாம். எந்த முறை என்று முதல் அட்டையிலோ கடைசித் தாளிலோ போட்டிருப்பார்கள், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அந்தக் கணத்துக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏற்றமும் வத்தமும் (கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும்) உச்சத்தில் இருக்கும். நிலவின் இழுப்பும், அதில் பாதிக்கும் சற்றுக் குறைவான கதிரவனின் இழுப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் வருவது இது. அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் தண்ணீர் அசமந்தமாகக் கிடக்கும். இங்கே ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கரை தட்டையாகக் கிடப்பதால் கொஞ்சம் நீர் இறங்கினாலே நாட்டுப்படகு தரை தட்டிவிடும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வத்தம்தான் வேலை நாள். நிலவுள்ள இரவில் மீன் வலையைக் கண்டு ஒதுங்கும் என்பதால் வழிவலைக்காரர் இருட்டு நாளைப் பார்ப்பார். இவர்கள் யாரும் நிலவை வணங்கவில்லை. வேதம் அது எதற்காகப் படைக்கப்பட்டது என்று சொல்கிறதோ, அதற்கே பயன்படுத்துகிறார்கள்.

தாளில் ஏற்ற நேரம் இருக்காது. நீங்களே எழுதிக்கொள்ளலாம். அமாவாசை முடிந்த மறுநாள் உங்கள் துறையில் தண்ணீர் முழுதாக ஏறி நிற்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து அந்தத் தாளில் பென்சிலால் குறியுங்கள். அடுத்த ஏற்றம் 12 மணி 25 நிமிடம் கழித்து. மறுநாள் அதே ஏற்றம் சராசரியாக 50 நிமிடம் தாமதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தத் தாமதம் 50-க்குக் குறையும்; அஷ்டமியை ஒட்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஏறத்தாழ பதினைந்து நாளில் நேரம் பழைய இடத்துக்கே திரும்பும், அப்போது மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிசகு வருவது மூன்று இடத்தில். ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் அல்ல. சிறிய ஏற்றத்தை நம்பிப் படகைத் தள்ளினால் நடுவில் உட்காரும். பாம்பன் வாய்க்கு வடக்கே பார்த்த நேரம் தெற்கே பொருந்தாது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பலத்தால் காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும், அப்போது நிலாக் கணக்கு தோற்கும்.

திதி அளவு என்றால், அதே தாளின் மற்ற கட்டங்கள்? நட்சத்திரம் என்பது நிலா எந்த விண்மீன் கூட்டத்துக்கு நேரே நிற்கிறது என்ற குறிப்பு. அதுவும் அளவுதான், ஆனால் கடலில் உதவாது. சந்திராஷ்டமம் வேறு. பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் நிலா இருக்கும் சுமார் இரண்டேகால் நாளை அஞ்சச் சொல்கிறது. மாதம் ஒருமுறை, பன்னிரண்டு ராசிக்கும் முறை வைத்து இந்த அச்சம் வந்துகொண்டே இருக்கும். எரேமியா சொன்ன கலக்கம் அச்சு அசலாக இதுவே. கிறிஸ்தவ வீட்டுச் சுவரில் இதற்கு இடமே இல்லை.

ராகு காலத்துக்கும் நிலவின் இன்றைய நிலைக்கும் சம்பந்தமே கிடையாது. பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு ஒதுக்கிய நிரந்தர அட்டவணை. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று ஒன்றரை மணி நேரம் ஓடும். காலை ஆறுக்கு விடிவதாக வைத்த கணக்கு. ராமேஸ்வரத்தில் ஜனவரி கடைசியில் சூரியன் உதிப்பது ஆறரைக்கும் பிறகு. ஞாயிறு மாலை ஐந்து மணித் திருப்பலி ராகு காலத்துக்குள் விழுகிறது. வெள்ளிக்கிழமை எமகண்டம் 3 முதல் 4.30. இயேசு உயிர்விட்ட நேரத்தை நினைந்து பெரிய வெள்ளி வழிபாடு தொடங்குவதும் மூன்று மணிக்கே. புது வலை இறக்க, எஞ்சின் பூட்ட இந்தக் கட்டத்தைப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூலம், அதாவது அந்தக் கிழமையில் போகக் கூடாது என்னும் திசை, இன்னும் கேளுங்கள். திங்கள், சனி கிழக்கே சூலம், செவ்வாய், புதன் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளி, ஞாயிறு மேற்கே. ராமேஸ்வரம் விசைப்படகுகள் முறைப்படி பாக் நீரிணைக்குப் புறப்படும் நாட்கள் திங்கள், புதன், சனி. போகும் திசை வடக்கும் கிழக்கும். சூலத்தை நம்பினால் இந்த ஊரில் விசைப்படகு அவிழ்க்கவே முடியாது. எப்படியும் ஊரே மீறிக்கொண்டிருக்கும் ஒரு கட்டத்தை வருடம் முழுக்கச் சுவரில் மாட்டி, மீறுகிறோமோ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டு இருப்பது எதற்கு?

ஹிஜ்ரி தேதியை வைத்துக்கொள்ளச் சொல்வோம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்கு நோன்பும் பெருநாளும் எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும். பிறை பார்த்து தலைமை காஜி அறிவிக்கும்வரை அச்சிட்ட தேதி ஒரு நாள் மாறலாம். அவர்களும் பிறையைப் பார்த்து மாதம் எண்ணுகிறார்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள் என்று குர்ஆனும் (41:37) தடுக்கிறது. ஆடி, தை, மஹாளய அமாவாசைகளும் காலண்டரில் இருக்கட்டும். அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் கூடுவோர் அவரவர் நம்பிக்கைப்படி வருகிறார்கள், அதை எடைபோடுவது இங்கே நம் வேலையில்லை. நமக்கு அந்த நாட்களில் பாம்பன் பாலத்துச் சாலை நெரியும், மீன் வண்டி ஐஸோடு நிற்கும். முதல் நாளே லோடு அனுப்ப அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

மொத்தத்தில் தினசரித் தாள்: நிலாக் கணக்குக்கு மிக நன்று, கட்டளைக்கு மோசம். ராசிபலன் மாத அட்டையாகத் தனியே வந்தால் கழற்றிவிடலாம், தாளிலேயே அச்சானதை நீக்க வழியில்லை.

அடுத்து பங்கு அல்லது சபை மாதக் காலண்டர். அழகாக இருக்கும், படம் பெரிதாக இருக்கும், அன்றாட வாசகமும் திருநாளும் சரியாக இருக்கும். பிப்ரவரி 4 ஓரியூர் அருளானந்தர் நாள் விடுபடுவதில்லை. ஆனால் இந்தக் கரையில் கிடைப்பவற்றில் கணிசமானவை அமாவாசை, பௌர்ணமி வட்டத்தையே எடுத்துவிடுகின்றன. நிலாவை அச்சிட்டால் சோதிடம் ஆகிவிடும் என்ற பயம். நல்லெண்ணத்தில் செய்தது, விளைவோ நேர்மாறு. கடலுக்குப் போகிறவருக்கு நிலா தெரியாமல் முடியாது. எனவே அவர் பக்கத்திலேயே ராகு காலத் தாளையும் மாட்டுகிறார். ஆலயக் காலண்டர் கொடுக்க மறுத்த ஒரு வட்டத்துக்காகச் சந்திராஷ்டமம் வீட்டுக்குள் வருகிறது. இந்த வகைக் காலண்டரின் மிகப் பெரிய குறை இது, இதைத் திருத்துவது மிகச் சுலபம்.

அந்த வட்டத்தை எடுத்துவிட்டால் காலண்டரின் சொந்தத் திருநாளுக்கே விளக்கம் போய்விடுகிறது. உயிர்ப்பு ஞாயிறு என்பது மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் திருச்சபைக் கணக்கின் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. நீசேயாப் பொதுச்சங்கம் கூடிய 325 முதல் எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட முயன்று நிலைத்த விதி. 2026-இல் முழுநிலவு ஏப்ரல் 2, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன். 2027-இல் முழுநிலவு மார்ச் 22, உயிர்ப்பு மார்ச் 28, திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. வாங்கிய காலண்டர் சரியா என்று பார்க்க இந்த மூன்று தேதியையும் ஒப்பிட்டாலே போதும். கூடவே ஒரு கடல் பயன். பெரிய வெள்ளி முழுநிலவுக்கு முந்தின நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் வரும். 2026-இல் முழுநிலவுக்கு மறுநாளே வருவதால் ஏற்றம் வலுவாக இருக்கும், கரையில் இழுத்து வைத்த வள்ளத்தை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். 2027-இல் நான்கு நாள் தள்ளி வருவதால் அந்த வேகம் தணிந்திருக்கும். புனித வாரத்தில் படகை விட்டுவிட்டுக் கோயிலில் இருப்பவருக்கு இது தேவையான செய்தி.

மாதக் காலண்டரில் கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தை நிறம் காட்டி அச்சிடுவது. சிலவற்றில் உண்டு. தாளைப் பொறுத்தவரை, வழவழப்பான தாள் உப்புக்காற்றில் நெளிந்து படமும் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் அடிக்கும் தகரப் பட்டி மழைக்காலம் முடிவதற்குள் துருவைக் கீழே இறக்கும். கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் பட்டி போட்டது கிடைத்தால் எடுங்கள்.

கைபேசி பற்றிச் சுருக்கமாக. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவருக்காக உருவாக்கிய செயலியும் அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாம் தருகின்றன. வாடைக்காலத்தில் நிலாக் கணக்கு தோற்கும் இடத்தில் இவைதான் கைகொடுக்கும். தொலைதூரப் புயலால் வரும் கள்ளக்கடல் எச்சரிக்கையைச் சுவர்க் காலண்டர் ஒருநாளும் சொல்லாது. முழுநிலவு ஏற்றத்தோடு அது சேர்ந்தால் கரைக் குடிசைவரை தண்ணீர் வரும். சோதிடம் ஒரு வரிகூட இல்லை. குறை, நடுக்கடலில் சிக்னல் அறுந்துவிடும், வீட்டில் எல்லார் கண்ணிலும் படாது. சுவர்க் காலண்டருக்கு மாற்று அல்ல, துணை. செயலிக் கடையில் கிடைக்கும் பொதுவான ‘தமிழ் காலண்டர்’ செயலிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை தினசரித் தாளின் எல்லாக் கட்டங்களையும் கொண்டு, காலையில் எழுப்பிவிட்டு ராசிபலன் வேறு சொல்கின்றன. அறிவிப்பை அணைத்துவிட்டுத் திதியை மட்டும் பார்க்கலாம், அதற்குத் தாளே மேல்.

ஆக, இப்போது கிடைப்பவற்றில் வாங்கச் சொல்வது ராகு காலமும் ராசிபலனும் இல்லாமல், வசனத்தோடும் திதியோடும் வரும் கிறிஸ்தவ தினசரித் தாள். சிவகாசியில் தனியாக அச்சாகிறது, திதி முடியும் நேரம் போட்டிருக்கிறதா என்று மட்டும் நடுவில் இரண்டு தாளைப் புரட்டிப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பங்கு மாதக் காலண்டரில் எல்லா அமாவாசையையும் பௌர்ணமியையும் நீங்களே வட்டமிட்டுக்கொள்ளலாம், ஒரு மாலை வேலை.

பங்குப் பேரவைக்கும் சபைக் கமிட்டிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும். ஆர்டர் கொடுக்கும்போதே நான்கைக் கேளுங்கள்: அமாவாசை, பௌர்ணமி முடியும் நேரம் மணிக்கணக்கில், அஷ்டமிக்குப் பாதி வட்டம், தடைக்காலத்துக்கு நிறம், ஒவ்வொரு நாள் கட்டத்திலும் துறையின் ஏற்ற நேரத்தைப் பென்சிலால் எழுத ஒரு வெற்றுக் கோடு. பாம்பன், தங்கச்சிமடம்போல இரண்டு கடலும் உள்ள ஊர் என்றால் கோடு இரண்டாக, மேலே வடகடல், கீழே தென்கடல் என்று அச்சிடச் சொல்லுங்கள். மொத்தமாக அடிக்கும்போது இதனால் பெரிதாகச் செலவு ஏறாது. மேல் ஓரத்தில் திருப்பாடல் 104:19 போட்டால் பொருத்தமாக இருக்கும்.